நாலு பக்கப் பத்திரிகையும் ஒரு டேனிஷ் சொல்லும்

பிரெடெரிசியா நகர நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்கென்று ஒரேயொரு தட்டு இருந்தது. டேனிஷ் இன்னும் பிடிபடாத அந்த நாள்களில் எனக்கு அதுதான் உலகம். துப்பறியும் நாவல்களை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, யாரும் தொடாத ஒரு தடித்த புத்தகம் மிஞ்சியது. இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு தொடங்கிய வாரப் பத்திரிகையின் வரலாறு. வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்போது நானும் ஓர் அண்ணையும் ஒரு சிறிய வீட்டில் சேர்ந்து இருந்தோம். உறவில்லை, அகதி முகாமில் பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் தபால் கந்தோரில் கிளாக்கர், இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். என் மனைவி யாழ்ப்பாணத்தில். கலியாணம் கட்டி நாலு மாதத்தில் நான் வெளிக்கிட்டுவிட்டேன். இரண்டு பேரும் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, நான் புத்தகத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அந்த ஆங்கிலேய அச்சுக்காரருக்குச் சொந்தச் செய்தி என்று எதுவுமே கிடையாது. தபாலில் லண்டன் பத்திரிகைகள் வந்து சேர்ந்ததும் பிடித்ததைப் பொறுக்கி அப்படியே தன் பத்திரிகையில் போட்டுக்கொள்வார். மழையில் தபால் வராத வாரங்களில் பைபிளில் ஆதியாகமத்தை அதிகாரம் அதிகாரமாக அச்சடித்தார். பத்திரிகையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்து கொடுக்க ஆள் வைத்திருந்தார். அதே கடையில் இருமல் மருந்தும் விற்றார்.

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தாள் களவெடுத்துத்தான் பேப்பர் நடத்தினவர்?"

"ஓம் அண்ணை."

"உது நாங்களும் செய்யலாமே!"

இப்படித்தான் எங்கள் பத்திரிகை பிறந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான் டேனிஷ் பத்திரிகைகளை மொழிபெயர்ப்பேன். புரியாத இடங்களை மொழிப் பள்ளி ஆசிரியையிடம் கேட்பேன். அண்ணை தன் தபால் கந்தோர்க் கையெழுத்தில், முத்து முத்தாக, நாலு பக்கமும் எழுதுவார். பள்ளியின் பிரதி எடுக்கும் இயந்திரத்தை ஆசிரியை எங்களுக்குத் திறந்துவிட்டார். பிறகு ஓகூஸ் நகரத்துக்குப் பந்து விளையாடப் போகிறவர்களின் பைகளில் ஒரு கட்டு. கோப்பன்ஹேகனுக்குப் போகிற ஒருவரிடம் இன்னொரு கட்டு. அது ரயிலோடு சேர்ந்து கப்பலில் ஏறிக் கடலைத் தாண்டிப் போகும்.

செய்தி குறைந்த ஒரு வாரம் அண்ணை கடைசிப் பக்கத்தில் கொட் மீனில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்கும் முறையை எழுதினார். அரசியல் செய்திக்கு ஒரு கடிதமும் வராத எங்களுக்கு, சொதிக்கு ஏழு கடிதம் வந்தது. ஆறு கண்டனம்.

ஆனால் சந்தித்த எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பமிலி கேஸ் என்ன மாதிரி? பேப்பரிலை ஏதும் கிடக்கோ?" கிடக்கவில்லை. மேலிடத்தில் தமிழர்களின் கோப்புகளை மட்டும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று டேனிஷ்காரர்களே பேசத் தொடங்கியிருந்தார்கள். நாங்களும் அதையே விதம் விதமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

குளிர்கால விடுமுறை வாரத்தில், நூலகத்தில் ஒரு டேனிஷ் பத்திரிகையின் தலைப்பு கண்ணில் பட்டது. தமிழர்கள், குடும்பம், விண்ணப்பங்கள் என்ற சொற்கள் தெரிந்தவை. அவற்றின் பின்னால் ஒரு புதுச் சொல்: கென்ஒப்டேயஸ். என் சின்ன அகராதியில் அது இல்லை. ஆசிரியையோ விடுமுறையில் போய்விட்டார். நான் சொல்லைத் துண்டு துண்டாக்கினேன். கென் என்றால் மறுபடி. ஒப் என்றால் மேலே. டேயஸ் என்றால் எடுக்கப்படும். ஆக, விண்ணப்பங்களை மறுபடியும் எடுக்கப்போகிறார்கள்.

"அப்பிடியெண்டால் நாங்கள் திருப்பிக் குடுக்கோணும் என்ன?" என்றார் அண்ணை.

"அப்பிடித்தான் இருக்கோணும்."

அவர் அதைத் தன் பாணியில் தலைப்பாக்கினார்: "எல்லோரும் மீண்டும் விண்ணப்பியுங்கள்!" பெரிய எழுத்து, கீழே இரண்டு கோடு. பள்ளி பூட்டியிருந்ததால் நூலக இயந்திரத்தில் காசு போட்டுப் பிரதி எடுத்து, வார இறுதிக்குள் எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வெளிநாட்டவர் விண்ணப்பங்களை அங்கேதான் வாங்குவார்கள். எங்களுக்கு முன்னாலேயே வரிசை படி இறங்கி பனியில் நின்றது. கலியாணப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், பிளாஸ்டிக் பைகள். என்னைக் கண்டதும் சிலர் "நல்ல நேரத்திலை சொன்னியள்" என்று கையைப் பிடித்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு உயரமான அதிகாரி வெளியே வந்தார். இன்று என்ன விசேஷம், யார் உங்களை வரச் சொன்னது என்று கேட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் வெட்டி வைத்திருந்த செய்தித் துண்டை நீட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நினைத்தீர்கள்?"

சொன்னேன்.

"இல்லை. நிறுத்தி வைத்த வேலையைத் திரும்பத் தொடங்குகிறார்கள் என்று பொருள். நீங்கள் கொடுத்த பழைய விண்ணப்பங்களையே பார்க்கப் போகிறார்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போங்கள்."

மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாம் தரம் அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் வரிசைப் பக்கம் திரும்பினேன்.

"பழைய கேசையே திரும்பப் பாக்கத் தொடங்குகினமாம்!"

"அப்ப புது ஃபோம் நிரப்ப வேண்டாமோ?" என்றார் ஒருவர்.

"வேண்டாமாம். ஒண்டும் செய்ய வேண்டாமாம். நாங்கள் பிழையா எழுதிப்போட்டம்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அண்ணை படியில், பனிக்கு மேலேயே, பொத்தென்று இருந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இப்பிடி ஒரு பிழையை ஒவ்வொரு கிழமையும் விடு தம்பி" என்றார். அதோடு வரிசை முழுதும் சிரிப்புத் தொற்றியது. அதிகாரி எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்தால் தொலைபேசி ஓயவில்லை. ஓகூஸிலிருந்து ஒருவர்: "நான் விடியவே போய் ரெண்டாந்தரமும் குடுத்திட்டன். இனி ரெண்டு பெண்சாதி வருமோ?"

புத்தகத்தில் இதற்கும் ஒரு முன்மாதிரி இருந்தது. அந்த அச்சுக்காரர் ஒரு கனவான் இறந்துவிட்டதாக எழுதி, அடுத்த வாரம் அவர் நலமாக இருப்பதை மகிழ்ச்சியுடன் அறிவித்தவர். நாங்களும் அன்று பின்னேரமே நூலகத்தில் ஒரு தாளை அச்செடுத்து, தவறாகச் சொன்னதற்கு வருந்துவதாகவும், சரியான செய்தி அதைவிட நல்லது என்றும் அறிவித்தோம்.

அண்ணையின் குடும்பம் அந்த இலையுதிர் காலத்தில் வந்தது. அதை முதல் பக்கத்தில் போடுவோம் என்றேன். மூன்று வருடமாக அந்த அச்சுக்காரரின் வழியில் அடுத்தவர் செய்தியையே போட்டுவந்த எங்களுக்கு அது முதல் சொந்தச் செய்தி.

"என்ர மனிசி பிள்ளையள் வந்ததை ஊருக்கு ஏன் சொல்லுவான்?" என்று மறுத்தார்.

மறுத்தவரே மறுநாள் பேனையை எடுத்து, "நகரத்துக்கு மூவர் வருகை" என்று எழுதிக்கொண்டிருந்தார். சின்னவள் வண்டியில் சத்தியெடுத்ததையும் விடவில்லை.

அடுத்த வசந்தத்தில் என் மனைவி வந்தாள். ஒவ்வொரு வீடாக ஆள்கள் வந்து சேர, எங்களிடம் செய்தி கேட்பவர்கள் குறைந்தார்கள். அண்ணைக்கு மகள்மாரைப் பள்ளியில் விடும் வேலை. பத்திரிகை எந்த அறிவிப்பும் இல்லாமல் நின்றுபோனது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு தை மாதம், தமிழர்களின் கோப்புகளை முடக்கி வைத்த, எங்கள் பெயரிலேயே அழைக்கப்பட்ட அந்த விவகாரத்தில் டேனிஷ் அரசாங்கமே பதவி விலகியது. நான் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் இருந்தபோது வானொலியில் செய்தி போனது. கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் என் தோளில் தட்டினார். நான் ஓடிப்போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் அப்போது முதியோர் இல்லத்தில் வேலை. டேனிஷ் என்னைவிட அவளுக்கு நன்றாக ஓடியது.

"கேள்விப்பட்டனீரோ? அரசாங்கம் விழுந்திட்டுது!"

"ஓம், இஞ்சை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். நான் இண்டைக்கு வேலையாலை வரச் சுணங்குவன். பிள்ளையை நேர்சரியிலை இருந்து நீங்கள் கூட்டிக்கொண்டு போறியளோ?"