ஃபாயிலில் சுற்றிய டோல்கேட்

என் மனைவியிடம் எதற்கும் 'வேண்டாம்' என்று நான் சொன்னதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கார் ஓட்டப் பழகுகிறேன் என்று அவள் சொன்னபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் வந்த அன்று தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தவன் நான். ஓட்டத்தான் விடவில்லை. டயரில் காற்று கம்மி, மழை வரும் போலிருக்கிறது, சர்வீஸுக்கு விடணும் என்று ஏதாவது ஒரு காரணம் தானாக வந்து சேரும்.

வேப்பம்பட்டில் அவளுடைய அக்கா தனியாக இருந்தார். மூட்டு வீங்கி நடமாட முடியவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு அழைத்து வந்து பத்து நாள் எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவளுக்கு ஆசை. ரயிலில் வந்தால் பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். அந்தக் கால்களுக்கு அத்தனை படிகள் ஆகாது. கம்பெனி வேலையாக நான் இரண்டு நாள் புனே கிளம்பிய சமயத்தில், தானே காரை எடுத்துப் போய் அக்காவை அழைத்து வருவதாகச் சொன்னாள். பார்த்துப் போ என்றேன். அதற்கு மேல் ஒரு கணவன் என்ன சொல்ல முடியும்?

டோல்கேட்டில் தானாகப் பணம் கழிய வைக்கும் ஃபாஸ்டேக்கை நான் கார்க் கண்ணாடியில் ஒட்டவில்லை. ஒட்டக் கொடுத்ததை ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, ஓட்டுபவரின் தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகி வைத்திருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் அதை உருவி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, நான் எப்போதும் போகிற செங்குன்றம் வழி. அதில் டோல்கேட் உண்டு. அட்டை இல்லாமல் அங்கே போய் நின்றால் கூடுதல் பணம், வாக்குவாதம், பின்னால் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். அவள் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த லாரிகளை நினைத்து எனக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் பாதிதான். என்னைக் கேட்காமல் அந்தக் கார் எங்காவது போய்வந்துவிடுமே என்ற பொறாமை மீதிப் பாதி.

ஒரு சிக்கல் இருந்தது. ஏர்போர்ட்டுக்கு நான் போகும் டாக்ஸியும் அதே டோல்கேட்டைத்தான் தாண்ட வேண்டும். பையில் இருக்கும் அட்டையை அங்குள்ள கருவி படித்துவிட்டால் டாக்ஸிக்கும் சேர்த்து என் கணக்கில் கழிந்துவிடும். அலுமினிய ஃபாயிலில் சுற்றினால் படிக்காது என்று கூட வேலை செய்பவர் சொல்லியிருந்தார். சமையலறையில் அவள் எனக்குச் சப்பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஃபாயிலிலேயே ஒரு துண்டு கிழித்துக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஏர்போர்ட் சோதனையில் என் பையைத் தனியே ஒதுக்கினார்கள். ஃபாயில் பொட்டலம் இரண்டு. காவலர் முதலில் சப்பாத்தியைப் பிரித்தார், பிறகு அட்டையை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து விசாரணை நடந்தது. கார் எங்கே என்றார். வீட்டில் என்றேன். இது இல்லாமல் கார் எப்படி டோல்கேட்டைத் தாண்டும் என்றார். தாண்டாது என்றேன். தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் எடுத்து வந்தேன் என்பதை எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை. காரை வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்டார். மனைவி என்றேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேடத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அட்டையை மறுபடி ஃபாயிலில் சுற்றி, சப்பாத்தியை விடப் பத்திரமாக என் கையில் கொடுத்தார். ஆபத்தான பொருள் இல்லை என்று முடிவு செய்திருப்பார்.

புனேயில் இரண்டு நாளும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் டோல்கேட்டைத் தாண்டினால் குறுஞ்செய்தி வருமல்லவா. அட்டை என் பையில் இருக்கும்போது எப்படி வரும் என்பது திரும்பி வரும் விமானத்தில்தான் உறைத்தது. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கிறவன் நான்.

வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் ஸ்டூல் மேல். முழங்கால்கள் தண்ணீர்க் குடம் மாதிரி உப்பியிருந்தன. முந்தின நாள் இவள் ரயிலில் போய், ரயிலிலேயே அழைத்து வந்திருக்கிறாள். பேசின் பிரிட்ஜில் நாலு படிக்கு ஒரு தரம் உட்கார வைத்து ஏற்றியிருக்கிறாள். நான் நினைத்தபடியே கார் இம்மியும் நகரவில்லை.

இவளைத் திட்ட வேண்டாம் என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. இவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"வண்டியத் தொடைக்கசொல்ல டோல்கேட் அட்டய எங்கியோ தொலச்சிட்டேன். பாயெல்லாம் எட்த்து உதறிப் பாத்துட்டேன், எங்கியும் இல்ல. நான் இதுக்கு லாயக்கு இல்ல. இனிமே நான் வண்டியத் தொட மாட்டேன்."

நான் விரும்பியது கேட்காமலே கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். நான் அதற்கும் மேலே போய், போனால் போகிறது விடு என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. பையைத் திறந்து ஃபாயில் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

அவள் மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள்.

"பிளேன்ல எட்த்துக்கினு போனியா?"

ஆமாம் என்றேன். அவள் அட்டையை எடுத்துப் போய் வண்டியில் செருகிவிட்டு வந்து சோறு வைத்தாள். அக்காதான் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து அக்காவைத் திரும்ப விட வேண்டிய நாள் வந்தது. இவள் அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, தான் ஓட்டுபவர் இடத்தில் ஏறினாள். நான் பின்கதவைத் திறந்தேன்.

"நீ எதுக்கு?" என்றாள்.

கதவை மூடினேன். ஏதாவது உதவியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. புதுவாயலில் வலது கைப் பக்கம் திரும்பி, பெரியபாளையம், தாமரைப்பாக்கம் வழியாகத் திருநின்றவூர் போய்விடலாம், பக்கத்தில்தான் வேப்பம்பட்டு, அந்தப் பக்கம் டோல்கேட்டே கிடையாது என்று சொன்னேன்.

அவள் சாவியைத் திருகாமல் என்னைப் பார்த்தாள்.

"இந்த வழி ஒனக்கு மின்னாடியே தெரியுமா?"

அக்காவும் திரும்பிப் பார்த்தார். தெரியும் என்றேன்.