நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் சொல்லும். துபாயில் அந்தத் திரைப்பட விழா நடந்தபோது, மத்தியானக் காட்சி தொடங்குவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தேன்.

என் வேலை இதுதான். திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. படத்தில் யார் பேசினாலும் அந்தப் பேச்சு அரபியில் அங்கே ஓடவேண்டும். அது தானாக ஓடாது. ஓரத்து மேஜையில் லேப்டாப்போடு ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் பட்டனைத் தட்டவேண்டும். பர் துபாயில் மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் கம்பெனியில் சிவனே என்று கிடந்தவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அரபி ஓர் எழுத்துகூடத் தெரியாது. படத்தில் ஓடும் ஆங்கில வரியைப் பார்த்து, பட்டியலில் அதன் எண்ணைப் பார்த்து, தட்டவேண்டும். எண்ணூறு வரி. ஒன்று பிசகினால் அப்புறம் எல்லாமே பிசகு. படத்தில் அம்மா ஒப்பாரி வைக்கும்போது கீழே “டீ வேணுமா” என்று ஓடும்.

எங்கள் சூப்பர்வைசர் நாகர்கோவில்காரர். “ஒரு வரி விட்டாலும் கம்ப்ளெயின்ட் வரும், கேட்டியா? ஒனக்க விசா இந்த மாசம் ரினிவல். ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். நல்ல மனுஷன்!

அந்தப் படத்தை உலகத்தில் எங்கேயும் அதுவரை காட்டியதில்லை. அன்றுதான் முதல் காட்சி. எடுத்தவள் சூடானில் பிறந்து, ஆறு வயதில் அம்மாவோடு பாரீஸுக்குப் போனவள். படம் முழுக்கப் பிரெஞ்சு. கூட்டம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அவள் வேகமாக என் மேஜைக்கு வந்து குனிந்தாள். “நானூற்றுப் பன்னிரண்டாவது வரி. அதை மட்டும் போடாதீங்க” என்றாள் ஆங்கிலத்தில்.

“அதெல்லாம் முடியாது மேடம். எனக்கு வேலை போயிரும்.”

அவள் முன்வரிசையைக் காட்டினாள். வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். “என் அப்பா. ஷார்ஜாவில் டிரைவர். டியூட்டி இருக்கு, வரமாட்டேன்னுதான் சொன்னார். வந்துட்டார். அவருக்கு அரபி மட்டும்தான் படிக்கத் தெரியும். அதைப் படிச்சா தாங்கமாட்டார்.” அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

பட்டியலைப் புரட்டி ஆங்கிலத்தைப் படித்தேன். 412: “அன்றைக்கு அப்பா வீட்டில்தான் இருந்தார். கட்டிலுக்கு அடியில்.”

படம் ஓட ஓட எனக்கு விஷயம் விளங்கியது. துப்பாக்கிக்காரர்கள் வீடு புகுந்து அவள் அண்ணனைப் பிடித்துப் போகிறார்கள். அவன் திரும்பவே இல்லை. அப்பா சந்தைக்குப் போயிருந்தார் என்றுதான் ஊர் இன்றைக்கும் நம்புகிறது. பாரீஸில் ஒரு சமையலறையில் நின்று, வளர்ந்த மகள் அதை இல்லை என்று சொல்லும் வரிதான் 412. பெரியவர் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். பட்டை மாறும்போதெல்லாம் அவர் தலை லேசாக அசைவது இங்கிருந்தே தெரிந்தது.

நானூறு தாண்டியதும் என் விரல் வியர்த்து வழுக்கியது. போட்டால் அந்த மனுஷன் என்ன ஆவாரோ. விட்டால் ஊருக்கு டிக்கெட். முருகா, என்னை ஏன்டா இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தாய்! 411 தட்டினேன். மகள் வாயைத் திறந்தாள். அடுத்த வரியைத் தாண்டிப் போகும் பட்டனை அழுத்திவிட்டேன். பட்டை இருட்டாகக் கிடக்க, அவள் பேசி முடித்தாள். முன்வரிசையில் வெள்ளைத் தலைப்பாகை மெல்லத் திரும்பி என் மேஜையைப் பார்த்தது. அதற்குப் பிறகு எப்படித் தட்டினேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளைச் சுற்றி ஒரே கூட்டம். சூப்பர்வைசர் வருவதற்குள் ஓடிவிடலாம் என்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பெரியவர் நிற்கிறார்.

ஷார்ஜா டிரைவர்களின் இந்தியில் கேட்டார். “பாய், ஒரு இடத்துல எழுத்து வரலையே?”

“மெஷின் கோளாறு, பாபா.”

“இவ்வளவு எழுத்துல அந்த ஒரு இடத்துல மட்டுமா?”

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, வரியைக் காட்டினேன். அவளுக்குச் செய்தது துரோகம்தான். ஆனாலும் திருப்பினேன்.

விரலை வைத்து, வலமிருந்து இடமாக, இரண்டு தடவை படித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவார் என்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். உட்காரவில்லை.

“தப்பா எழுதியிருக்கா” என்றார். “கட்டிலுக்கு அடியில இருந்தது அவதான். சின்னப் பிள்ளை. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்.”

அங்கே கூட்டத்துக்கு நடுவே அவள் எங்களைப் பார்த்துவிட்டாள்.

“போய்ச் சொல்லுங்க பாபா” என்றேன்.

அவர் அவள் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போய்ச் சொல்லு பாய். எனக்குப் பயமா இருக்கு.”