ராகுகாலத்து மீட்புப் புள்ளி

பேரிடர் வந்தால் எப்படி மீண்டெழுவது என்று கிளிநொச்சிச் சனத்துக்கு வகுப்பெடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நாங்களும் இதையெல்லாம் முதன்முறை கேள்விப்படுகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பற்றிசும் தேத்தண்ணியும் முடியும்வரை மரியாதையாகக் கேட்டோம்.

அவர் சொன்னது இதுதான். எங்கள் விவசாயச் சங்கத்தின் பதிவுகள் இருக்கும் சேர்வர் மும்பையில். அதன் நகல் சிங்கப்பூரில். மும்பை விழுந்தால் சிங்கப்பூர் எழும்பும். ஆனால் எந்த நேரத்து நகலாக எழும்ப வேண்டும் என்பதை நாங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். அந்த நேரங்களுக்கு மீட்புப் புள்ளி என்று பெயர். எப்போதும் கடைசிப் புள்ளியின் பொத்தானை அமத்துங்கள், ஒன்றும் இழக்க மாட்டீர்கள் என்றார். சங்கத்தில் கணினி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டான வருடங்களில் சிறுபோகம், அதாவது கோடை வெள்ளாண்மை, எல்லாருக்கும் கிடைக்காது. பங்குக்குப் பதிந்தவர்களின் வயலுக்குத்தான் தண்ணீர் வரும். அந்த முறை பதிவு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு மூடுவதாக இருந்தது. மூடிய பிறகு பேர் சேர்ப்பதென்றால் கூட்டம் சம்மதிக்க வேண்டும். எங்கள் கூட்டம் எதற்கும் சம்மதித்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று பத்தரையானதும் வரிசை கலைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும், போகத்துக்குப் பேர் பதிகிற ஆள் எவரும் அந்த நேரத்தில் நிற்கமாட்டார். எல்லோரும் தேத்தண்ணிக் கடைக்குப் போக, வெறுங் கதிரைகளுக்கு நடுவில் ஒரு அம்மா மட்டும் வந்து நின்றார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காலமெல்லாம் மற்றவர் காணியில் கூலி வேலை. அந்த வருடம்தான் அவர் பேரில் ஒரு துண்டு வயலுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்திருந்தது. அவர் வேலை செய்யும் கச்சான் கடலைத் தோட்ட முதலாளி ராகுகாலத்தில் புதுப்பாத்தியில் கை வைக்க விடமாட்டாராம், அந்த இடைவெளியில் ஓடி வந்திருந்தார். பதிந்துவிட்டு அதே ஓட்டமாகத் திரும்பிப் போனார்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. முடிந்தபோது அங்கத்தவர் எல்லாருக்கும் தகப்பன் பெயர் ஒன்றாகியிருந்தது, அதுவும் சங்கத் தலைவருடைய தகப்பனின் பெயர். இவ்வளவையும் செய்துவிட்டு மும்பை விழுந்தது. சிங்கப்பூரில் கடைசிப் புள்ளியைச் சோதித்துப் பார்த்தேன். கொழும்புக்காரர் சொன்னது உண்மைதான், ஒன்றும் இழக்கவில்லை. புதிதாகக் கிடைத்த அத்தனை சகோதரர்களும் அப்படியே இருந்தார்கள்.

அதற்குள் பதிவு மூடும் நேரமும் தாண்டிவிட்டது. உருப்படியாக மிஞ்சியவை இரண்டு புள்ளிகள். ஒன்று ராகுகாலம் தொடங்கச் சற்று முன் எடுத்தது, மற்றது ராகுகாலத்துக்கு நடுவில் எடுத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த அம்மாவின் பேர் மட்டுமே.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"பிள்ளை, முந்தினதை எடுங்கோ. மற்றது ராகுகாலம் எல்லோ."

"ஐயா, முந்தினதை எடுத்தால் அந்த அம்மான்ர பேர் போயிடும்."

"ஒரு ஆளுக்காக முழுச் சங்கத்தையும் ராகுகாலத்தில எழுப்பேலுமே? பிறகு பயிர் உருப்படுமே? அவா அடுத்தமுறை பதியட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தலைவரோடு சண்டை பிடித்து வென்றவர் எவரும் சங்கத்தில் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டேன்.

"ஐயா, விழுந்தது மும்பையில, அங்க எங்கட நேரம்தான். எழும்பப்போறது சிங்கப்பூரில. அங்க இரண்டரை மணித்தியாலம் முந்தி. மற்றதை எடுக்கேக்க அங்க ராகுகாலம் முடிஞ்சு போச்சு."

சிரிப்பார் அல்லது ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. நாடியைத் தடவிக்கொண்டு, ஒரு பாரதூரமான விடயத்தை யோசிக்கிறவராக நின்றார்.

"ஓம், சரிதான். கனடாவில பிறந்த என்ர பேரனுக்கும் கனடா நேரத்திலதான் சாதகம் எழுதினது. அமத்துங்கோ பிள்ளை."

அமத்தினேன். சற்று நேரத்தில் அங்கத்தவர்கள் அவரவர் தகப்பன்மாரிடம் திரும்பிப் போனார்கள். கொழும்புக்காரரின் வகுப்பில் பஞ்சாங்கம் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

பின்னேரம் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். அந்த அம்மா வந்து, விரலை வைத்துத் தேடித் தன் பேரைக் கண்டுபிடித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பேர் போக இருந்ததையும், நான் சிங்கப்பூர்க் கதை சொல்லி அதைக் காப்பாற்றியதையும், தலைவரின் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பேரில் வைத்த விரலையும் எடுக்கவில்லை.

"பிரஜாவுரிமை லிஸ்ட்டுல எங்கப்பா பேரு இப்படித்தாம்மா விட்டுப் போச்சு," என்றார். "அவரு சாகுற வரைக்கும் திரும்ப வரவே இல்ல."