வாழைக்காய்ப் படகு

கல்லூரியிலிருந்து யாராவது எங்கள் வீராம்பட்டினத்துக்குக் கேள்வி கேட்க வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். மீன் விற்கிற நேரம் போனதுதான் எனக்கு மிச்சம்.

ஃபார்மசி படிக்கும் பிள்ளைகள் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று தெரிய, அட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா.

என் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை நேரம் தவறிப் போட்டு, படகிலேயே ஒருமுறை தலைசுற்றி விழுந்தவர். அந்தக் கோபம் எனக்கு.

"நிலா இருக்கும்போதே கடலுக்குப் போறாரு, சூரியன் ஏறுனா தூங்குறாரு. அவருக்கு எதும்மா காலை?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

கீதா என்ற மாணவி நான் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டாள். "தெரியலக்கா. டாக்டரைக் கேட்டுட்டு வரேன்."

எங்கே வரப்போகிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே வந்து நின்றாள். கரைக்கு வந்து சாப்பிட்டதும் போடச் சொன்னாராம் டாக்டர். கையில் வெறும் ஸ்டிக்கரும் கலர் பேனாவும் இருந்தன.

"படம் நீங்களே போடுங்கக்கா."

கரையேறிய படகை வரைந்தேன். அது வாழைக்காய் மாதிரி வந்தது. கீதா மணலில் உட்கார்ந்து சிரித்தாள். நானும்தான்.

அந்த வாழைக்காய்தான் இன்று எங்கள் தெருவில் பல வீட்டு மாத்திரை அட்டைகளில் இருக்கிறது. இந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கல்லூரியில் வைத்த போஸ்டரில் கீதா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது கேள்வியோடு வந்தால் உட்கார வைத்து மோர் கொடுக்கிறேன். பதிலுக்கு நானும் ஒன்றே ஒன்று கேட்பேன்.

"மறுபடி எப்ப வருவீங்க?"