கோப்புகளை வழியனுப்புகிறவர்

“இவன் ஃப்ளாப்பி காலத்து ஆளு. பாவம், பத்து வருஷமா ஒருத்தரும் கூப்பிடல” என்று திரையைப் பார்த்துச் சொல்கிறார் சி ஷெத்லி. திரையில் ஒரு கோப்பின் பெயர். அதன் பக்கத்தில் ‘நீக்கவா?’ என்று கணினியின் கேள்வி. அவருடைய சுட்டுவிரல் ‘ஆம்’ என்பதற்கான ‘ஒய்’ எழுத்தின் மேல் ஒரு கணம் நிற்கிறது. “போய்ட்டு வா, கண்ணு.” தட்டுகிறார். ஃப்ளாப்பிக்காரன் போய்விட்டான். அடுத்த பெயர் வந்து நிற்கிறது. அது யாரிடமும் இல்லாத ஒரு மோடத்துக்கான கையேடு. அதற்கும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில், மஹ்தியா சாலையில் இருக்கிற எங்கள் கல்யாண மண்டபத்தின் கணினி சி ஷெத்லியின் பொறுப்பு. ‘சி’ என்பது எங்கள் ஊரில் ஆண்களுக்கான மரியாதைச் சொல், பெண்களுக்கு ‘லெல்லா’. வயது ஐம்பத்தேழு. வருஷத்துக்கு நூற்றுக்கு மேல் கல்யாணம் நடக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தனக்கு ஒன்றைச் செய்துகொள்ள நேரம் கிடைக்காத மனிதர். காதில் மல்லிகைச் செண்டு, காலில் தோல் செருப்பு. இந்த ஆகஸ்டில் புதிதாகத் தலையில் ஒரு கம்பளிக் குல்லாவும் சேர்ந்தது. “ஏசி காத்து மண்டைக்குள்ள போகுது” என்றார். மண்டபத்தின் புகைப்படக்காரனான எனக்கு அவர் மேசைக்கு எதிர்மேசை. ஏசி என் பக்கம்தான் அடிக்கும்.

அவருடைய கணினியில் எதையும் தயாராக வாங்கிப் போடமாட்டார். இயங்குதளத்தின் மூல நிரலை இறக்கி, அங்கேயே முதலிலிருந்து கட்டுவார். கல்யாணம் இல்லாத ஒரு திங்கட்கிழமை, விடிந்தவுடன் வேலை தொடங்கும். விசிறி இரையும், மேசை சுடும், எழுத்துகள் திரையில் அருவியாக ஓடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஃப்ரிகாஸே சாப்பிடுவார். பொரித்த ரொட்டியிலிருந்து ட்யூனா உதிர்ந்து விசைப்பலகையில் விழும். அதை ஊதித் தள்ளுவார். மதியத்துக்குள் புது அமைப்பு ஏறிவிடும்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பிடித்த கட்டம். புது அமைப்பு வந்தாலும் பழையதின் மிச்சங்கள் வட்டில் அங்கங்கே தங்கிவிடும். அவற்றைத் துடைக்க ஒரு கட்டளை உண்டு. அது ஒவ்வொரு பெயராகக் காட்டி, நீக்கவா, நீக்கவா என்று கேட்கும். ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லிவிடவும் வழி இருக்கிறது. சி ஷெத்லி அந்த வழியைத் தொடமாட்டார். நானூறு கோப்பு இருந்தால் நானூறு பேருக்கும் தனித்தனியாகத்தான் ‘ஒய்’.

மண்டபத்தின் மேலாளர் லெல்லா நெஸிஹாவுக்கு இது பிடிக்காது. கணவரை இழந்த பிறகு இந்த மண்டபத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். நடையில் வேகம், பேச்சில் வேகம். மணமகள் அழ ஆரம்பித்தால், “மை கலையறதுக்குள்ள முடிச்சுக்கோ” என்று சொல்கிறவர்.

“ஒரே வரில முடியுமாமே சி ஷெத்லி? நீங்க என்ன, நாள் பூரா இழவு விசாரிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?”

“லெல்லா, கல்யாணத்துக்கு வந்தவங்கள வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா கை குலுக்கி அனுப்புறீங்களா, இல்ல மொத்தமா லைட்டை அணைச்சுடுறீங்களா?”

“போன சனிக்கிழமை அணைச்சேனே! மணி ரெண்டாச்சு, ஒருத்தனும் கிளம்பல.”

சி ஷெத்லி அடுத்த கோப்புக்குத் திரும்பினார்.

இந்தத் துடைப்பில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் போகிறவர்களால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் போவது பழைய லைப்ரரி கோப்புகள். அவற்றைப் பல நிரல்கள் சேர்ந்து நம்பியிருக்கும். அந்த நிரல்களையெல்லாம் புது அமைப்புக்கு ஏற்ப மறுபடி கட்டி முடித்த பிறகே அவற்றில் கைவைக்கலாம். முந்தினால் நிரல் எழுந்திருக்காது. இதையெல்லாம் சி ஷெத்லி ஒரு தாளில் வரிசையாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். கடைசி வரியில் இரண்டாம் சுற்றின் கட்டளை. அதன் கீழே பொடி எழுத்தில், ‘எல்லா நிரலும் கட்டியாச்சா? சத்தியமா?’

அந்த ஆகஸ்ட் திங்கட்கிழமை முதல் சுற்றை முடித்துவிட்டு அவர் லப்லாபி சாப்பிடப் போனார். கொண்டைக்கடலையும் சூப்பும் ரொட்டியும் கலந்து அவர் சாப்பிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். நான் உள்ளறையில் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு இரண்டு குடும்பங்கள் சனிக்கிழமை ஏற்பாட்டைச் சரிபார்க்க வருவதாக இருந்தது. நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: நெஸிஹா வந்து திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கண்ணாடி போட்டால் வயதாகத் தெரியும் என்று போடாதவர். பொடி எழுத்து அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கடைசி வரி மட்டும்தானே பாக்கி, நாமே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

விசைகள் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சி ஷெத்லிதான் திரும்பி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஆனால் ஒரு போய்ட்டு வாவும் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சி ஷெத்லி சீரக வாசனையோடு திரும்பியபோது நெஸிஹா அறையின் மறுகோடியில் திரைச்சீலையின் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார். இவர் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“லெல்லா, யாராச்சும் இதைத் தொட்டாங்களா?”

“நான் அந்தப் பக்கமே வரல.”

நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். திரை நிறைய லைப்ரரிகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நீக்கவா?’ ஒவ்வொன்றுக்கும் பதில், ‘யல்லா’. கிளம்பு, நட என்று பந்திக்காரர்களை நெஸிஹா விரட்டுகிற அதே சொல். அதை ஆங்கில எழுத்தில் அடித்தால் முதல் எழுத்து ‘ஒய்’. அந்த இயந்திரத்துக்கு முதல் எழுத்தே போதும். மீதியைப் படிக்காமலே சரி என்று எடுத்துக்கொள்ளும். அறுபத்தொரு யல்லா. அறுபத்தொரு லைப்ரரி.

சி ஷெத்லி முன்பதிவு நிரலைத் திறந்தார். எண் ஏழில் முடிகிற ஒரு லைப்ரரியைக் காணோம் என்று ஒரு வரி வந்தது. நிரல் எழவில்லை.

“சனிக்கிழமை யாருக்குன்னு ஞாபகம் இருக்கா லெல்லா?”

“அதுக்குத்தான மிஷினு வெச்சிருக்கோம்!”

“எந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய மீனு?”

நெஸிஹா திரைச்சீலையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் மணமக்கள் மீனைத் தாண்டாமல் கல்யாணம் முடியாது. இந்த வீட்டுக்கு ஒன்பது கிலோ களவா, அந்த வீட்டுக்கு ஆறு கிலோ என்று எல்லாம் அந்த நிரலுக்குள்தான் இருந்தது. ஒன்பது கிலோ கேட்ட வீட்டுக்கு ஆறு கிலோவை வைத்தால் சம்பந்தி சண்டை மூன்று தலைமுறைக்குப் பேசப்படும்.

முன்பதிவு விவரங்களுக்குக் காப்பு நகல் இருந்தது. அதைப் படிக்கிற நிரல்தான் படுத்துவிட்டது. நிரலை மறுபடி கட்ட இரவாகும். பழைய லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்கலாம். ஆனால் தெருவில் குழாய் பதிக்கிறவர்கள் அன்று காலையிலேயே எங்கள் இணைப்பை வெட்டியிருந்தார்கள்.

“நம்ம பழைய பதிப்பு இந்த ஊர்ல இன்னும் ஒரு எடத்துலதான் ஓடுது” என்றார் சி ஷெத்லி. சொல்லும்போதே முகம் வெளுத்தது. “ஜல்லூல் கடைல.”

“முடிவெட்டுற ஜல்லூலா? நல்லதாப் போச்சு, பத்து நிமிஷ தூரம்” என்றேன்.

“உனக்குத் தெரியாது நூரி” என்று முனகிக்கொண்டே என் பைக்கின் பின்னால் ஏறினார்.

இரண்டரை மணி வெயில். சாலையில் நாய்கூட இல்லை. அவர் என் முதுகைப் பிடித்துக்கொண்டு, போன அறுபத்தொரு பேரில் ஞாபகம் வந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். “ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை சொல்லல நூரி. யல்லான்னா என்ன அர்த்தம்? ஆட்டையா ஓட்டுறாங்க?”

ஜல்லூல் கடையில் கணினியின் ஒரே வேலை, அடுத்து யாருடைய முறை என்று சுவரில் எண் காட்டுவது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சி ஷெத்லிதான் அமைத்துக் கொடுத்தார். கல்யாண சீசன், பெஞ்சு நிறைய மாப்பிள்ளைகள், மாப்பிள்ளைத் தோழர்கள். நாற்காலியில் ஒருவர் பாதிக் கன்னம் நுரையோடு இருந்தார்.

“யா ஷெத்லி! உயிரோடதான் இருக்கியா?” என்றார் ஜல்லூல், கத்தியைக் கீழே வைக்காமல். “ரெண்டு மாசமா ஆளையே காணோம். ஆகஸ்டுல குல்லா வேற. பனி பெய்யுதா வெளில?”

“ஒரு ஃபைல் வேணும் ஜல்லூல். நிமிஷ வேலை. காப்பி பண்ணிட்டுப் போயிடுறேன்.”

“எடுத்துக்கோ. முதல்ல குல்லாவைக் கழட்டு.”

“ஏசி காத்து...”

“இங்க ஏசி கெடையாது. கழட்டு.”

சி ஷெத்லி குல்லாவைக் கழற்றினார். வலதுபுறம் மேடு, இடதுபுறம் பள்ளம், உச்சியில் யாரோ மனம் மாறி நடுவிலேயே நிறுத்திய மாதிரி ஒரு கொத்து. நுரைக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்து, கத்தி பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

“யாரு வேலை இது?” ஜல்லூலின் குரல் தாழ்ந்திருந்தது.

“பாப் திவான் கோட்டை வாசல்கிட்ட... புதுசா தொறந்தாங்க. சும்மா பாக்கலாம்னு போனேன்.”

“இருபத்திரண்டு வருஷம் இந்தத் தலை என் கைல இருந்துச்சு. சும்மா பாக்கப் போனானாம்!” ஜல்லூல் பெஞ்சைப் பார்த்து நியாயம் கேட்டார். பெஞ்சு உச்சுக்கொட்டியது. “ஃபைல் வேணும்னா இப்பவே நாற்காலில உக்காரு. இந்த மண்டையோட நீ தெருவுல நடந்தா ஜனங்க என்னையத்தான திட்டுவாங்க.”

“ஜல்லூல், நாலு மணிக்கு ரெண்டு கல்யாண வீட்டுக்காரங்க வர்றாங்க.”

“அப்போ பேசாம உக்காரு. நூரி, அந்த மிஷினை நீ பாரு.”

அப்படித்தான் வெள்ளைத் துணி போர்த்திய சி ஷெத்லி, தலையை அசைக்கக் கூடாத நிலையில், கண்ணை மட்டும் உருட்டி எனக்குக் கட்டளை சொன்னார். நான் ஒரு விரலால் அடித்தேன். ஒரு முறை வரிசை எண் நாற்பதிலிருந்து நாலாயிரத்துக்குத் தாவியது, பெஞ்சில் கலவரம். “அதைத் தொடாத! மேல! மேலே போ!” என்று அவர் கத்தியதில் ஜல்லூல் காதோரம் ஒரு கோடு அதிகம் எடுத்துவிட்டார். ஒருவழியாக எண் ஏழு லைப்ரரி என் கேமராவின் மெமரி கார்டில் ஏறியது.

நாங்கள் திரும்பியபோது மணி நாலே கால். உள்ளே நெஸிஹா இரண்டு பெண்வீட்டு அம்மாக்களுக்கு நடுவே எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் இருவருக்கும் மூன்றாம் தம்ளர். தட்டில் இருந்த மக்ரூத் இனிப்பு பாதி காலி.

“சனிக்கிழமை எங்களுதுன்னு ரமலான்லயே சொல்லியாச்சு” என்றார் லெல்லா ரஃபீக்கா. அவர் ஒன்பது கிலோ.

“எங்களுக்கும் சனிக்கிழமைதான். பத்திரிகை அடிச்சாச்சு!” என்றார் லெல்லா சுவாத். கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். கண் ஏற்கெனவே கலங்கிவிட்டது.

நெஸிஹா சாற்றுக் குடுவையைக் கீழே வைத்தார். சி ஷெத்லியைப் பார்த்த பார்வையில் அவசரமே இல்லை, பயம்தான் இருந்தது. மண்டபத்தின் பெயரே அந்தப் பார்வையில் தொங்கியது. சி ஷெத்லி கழுத்தில் ஒட்டிய முடியோடு கணினியின் முன்னால் உட்கார்ந்து லைப்ரரியை அதன் இடத்தில் வைத்து, நிரலைத் திறந்தார்.

திறந்தது.

“லெல்லா ரஃபீக்கா, சனிக்கிழமை, ஒன்பது கிலோ களவா.”

ரஃபீக்கா வெற்றியோடு மக்ரூத் எடுத்தார். சுவாத் கைக்குட்டையை முகத்தில் வைத்தார்.

“லெல்லா சுவாத், சனிக்கிழமை, ஆறு கிலோ” என்று படித்த சி ஷெத்லி கொஞ்சம் நிறுத்தி, “அடுத்த சனிக்கிழமை” என்றார்.

கைக்குட்டை கீழே இறங்கியது. “அடுத்த சனிக்கிழமையா?” சுவாத் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். “ஐயோ, மாப்பிள்ளையே அடுத்த வெள்ளிதான லியோன்லேருந்து வர்றான்! நாலு நாளா நான் எதுக்குத் தூங்காம கெடக்கேன்?”

இரு அம்மாக்களும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டு, தத்தம் சம்பந்திகளைத் திட்டியபடி ஒரே டாக்ஸியில் போனார்கள்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினோம். சி ஷெத்லி கழுத்து முடியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நெஸிஹா தம்ளர்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“பொடி எழுத்து தெரியல” என்றார்.

“அடுத்த தடவை பெருசா எழுதுறேன் லெல்லா.”

“முடி நல்லாருக்கு. ஒரு காதோரம் கொஞ்சம் தூக்கல்.”

“அது நூரி பண்ணுன வேலை.”

அக்டோபரில் சீசன் ஓய்ந்தது. ஒரு திங்கட்கிழமை சி ஷெத்லி மறுபடியும் இயங்குதளத்தைக் கட்டினார். மதியம் துடைப்பின் முதல் சுற்று. இந்தத் தடவை முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர் பத்தாவது ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போது நெஸிஹா உள்ளே வந்தார். ஏதோ சாவியைத் தேடுகிறவர்போல மேசையைச் சுற்றினார். பிறகு சி ஷெத்லியின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே அன்றுதான்.

“இவன் யாரு?”

“பேரு மாத்திட்ட ஒரு ஊரோட நேரத்தைக் காட்டுற ஃபைலு. ஊரு புதுப் பேருல நல்லாத்தான் இருக்கு. இவன்தான் மிச்சம்.”

“அடப் பாவமே. அதுக்கு அடுத்தவன்?”

சி ஷெத்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து மண்டபத்துக்குள் போனார். எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது, பளிங்குத் தரையில் கிறீச்சென்று, நெடுநேரம். கதவு ஒருக்களித்துத் திறந்தது. மணமகள் உட்காருகிற பொன்முலாம் நாற்காலியை, முதுகு வளைய, மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்தார். தன் மர நாற்காலியை ஓரமாகத் தள்ளி, அதன் பக்கத்தில் இதைப் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, சிவப்பு வெல்வெட் இருக்கையை இரண்டு முறை துடைத்தார்.