கடைசி பெஞ்சில் கேட்ட பாடம்

ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் சண்டை போடவில்லை. அதற்குத் தெம்பில்லை. வாரம் முழுக்க அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குச் சேலை லோடு ஓட்டுகிறவன் நான். அவள் பவர்லூமில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். அவளுடைய அம்மா இறந்துபோனபிறகு, கூட வேலை செய்யும் பெண்ணோடு மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே உட்கார்ந்தால்தான் நெஞ்சு லேசாகிறது என்றாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, ஞானஸ்நானம் வாங்கப்போகிறவர்களுக்கு வகுப்பு நடக்கும். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். வெயிலில் நிற்பதற்கு ஃபேனுக்கடியில் இருக்கலாமே என்றுதான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பாடம் எடுத்தார். தறிச் சத்தம் இல்லாத இடத்தில் என் மனைவிக்குக் கண் சொக்கிவிடும். வீட்டுக்குப் போய் அவளுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்று நான் கவனித்துக் கேட்டேன். பாவசங்கீர்த்தனம், தவக்காலம், நற்கருணை எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன.

உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிச் சொன்ன அன்று நானே வாய் திறந்துவிட்டேன். இறந்தவர்களின் ஆன்மா அங்கே தூய்மை அடைகிறது, அவர்களுக்காக நாம் வேண்டலாம் என்றார் டீச்சர்.

"எங்க அய்யா அய்யனாரக் கும்புட்டவுக. அவுகளுக்கும் வேண்டலாமா டீச்சர்?"

"வேண்டலாம் தம்பி. மத்தது கடவுள் பாத்துக்கிருவாரு" என்றார்.

வகுப்பு முடிந்ததும், நீங்களும் சேரலாமே என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நம்பிக்கைதான் வரமாட்டேன் என்கிறது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

மற்றவர்கள் விடவில்லை. மாசி சிவராத்திரிக்குப் பரளச்சிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்குத் தனியாகப் போனேன். இரண்டு பேருமே மாறிவிட்டீர்களாமே என்று பங்காளிகள் கேட்டார்கள். நான் மாறவில்லை என்றால், பிறகு ஏன் வாராவாரம் அங்கே போகிறாய் என்றார்கள். ஊருக்குத் திரும்பினால், எப்போது ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கப் போகிறீர்கள் என்று மாதா கோயில்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பதில் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கும் அதில் சேர்வதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்பதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

ஞானஸ்நானத்தன்று தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் அழுதாள். பிறகு நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையாக எழுந்துபோனார்கள். ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு அது இல்லை என்று பாடத்திலேயே கேட்டிருந்தேன். அவர்கள் கடந்துபோகக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிட்டோம்.

"ஒங்கள விட்டுட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தாள்.