நுவரெலியா ஏரியில் அரை மணி நேரம்

ஏரி முழுக்க மூடுபனி. ஹட்டன் பஸ்ஸுக்கு அரை மணி நேரமே இருக்கிறது. அதற்குள் நுவரெலியாவைப் பார்த்தாக வேண்டும். படகில் ஏறி உட்கார்கிறேன். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுப் படகுக்கு வந்த முத்தையா, கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டு துடுப்புப் போடுகிறார்.

"வெள்ளக்காரத் தொர ஆத்த மறிச்சுக் கட்டுன ஏரிங்க. முன்ன வெறும் சேத்துக் காடு. இந்தா, வலப்பக்கம் குதிரப் பந்தயம் ஓடுற எடம்."

வலப்பக்கம் ஒரே வெள்ளை. இடப்பக்கம் தபால் கந்தோர் என்கிறார். அதுவும் வெள்ளை. கரையில் கேட்ட மாட்டு மணி மட்டும் இன்னும் காதருகே கேட்கிறது.

"மாடு கரையோரமா நம்ம கூடவே வருதுங்க" என்கிறார்.

நடு ஏரிக்கு வந்துவிட்டோம் என்று அவர் அறிவிக்கும்போது பனி விலகுகிறது. ஏறிய துறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. படகின் கயிறு முளையில் கட்டியபடியே விறைத்து நிற்கிறது. மாடு படுத்து அசைபோடுகிறது.

"கயிற்றை அவிழ்க்கவே இல்லையா?"

முத்தையாவுக்குக் கோபம் வருகிறது. "கொழுந்து எடுக்கிற ஆளக் கத்தி எடுத்துச் செடியக் கவ்வாத்து வெட்டச் சொல்லுவாங்களா? எனக்குத் துடுப்பு வேலைங்க. கயிறு அவுக்கிற ஆளு இன்னும் வரல."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறேன்.

"அப்ப திரும்பிருவோங்க" என்று துடுப்பை மறுபக்கம் மாற்றிப் போடத் தொடங்குகிறார்.